புளி போட்டுத் தேய்த்த நம்பர்

உங்கள் வீட்டுக் காருக்கு அர்ச்சனை செய்வதென்றால் யார் பெயரில் செய்வீர்கள்? ஓனர் பெயரில்? குடும்பத் தலைவர் பெயரில்? எங்கள் வீட்டில் காரின் சொந்தப் பெயரிலேயே செய்கிறோம். பதினேழு எழுத்துப் பெயர். பாதி இங்கிலீஷ் எழுத்து, பாதி எண். சேஸிஸ் நம்பர் என்பார்களே, அதுதான்.

இதைக் கண்டுபிடித்தவர் என் கணவர். கெமிஸ்ட்ரி புரொஃபசராக இருந்து ரிட்டயர் ஆனவர். நம்பர் பிளேட்டில் இருப்பது ஆர்.டி.ஓ. கொடுத்தது, மாநிலம் மாறினால் அதுவும் மாறிவிடும். ஃபாக்டரியிலேயே உடம்பில் வெட்டி அனுப்பிய நம்பர்தான் வண்டியின் உண்மையான பெயர் – இது அவருடைய சித்தாந்தம். ஆகவே ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டில் பொறித்த அந்த நம்பருக்குச் சந்தனம், குங்குமம் வைப்பார். ஆர்.சி.யைப் பார்த்து நான் ஒவ்வொரு எழுத்தாக வாசிப்பேன். அவர் எழுத்துக்கு ஒரு பூவாகப் போடுவார். எங்கள் அபார்ட்மெண்ட்காரர்கள் பால்கனியில் நின்று பார்ப்பார்கள். அவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று நான் இதுவரை கேட்டதில்லை.

அந்தக் காருக்குப் போன வாரம் பதினைந்து வயது முடிந்தது.

பதினைந்து முடிந்தால் என்ன ஆகும் தெரியுமா? அதுவரை நம்மைக் கண்டுகொள்ளாத அரசாங்கம், 'வண்டியைக் கொண்டுவந்து காட்டு' என்கிறது. லைட் எரிகிறதா, பிரேக் பிடிக்கிறதா, புகை அளவாக வருகிறதா என்று இன்ஸ்பெக்டர் பார்ப்பார். திருப்தி என்றால் ஆர்.சி.யை இன்னும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துக் கொடுப்பார்கள். இல்லையென்றால் வண்டி ரோட்டில் ஓடக்கூடாது.

பெங்களூரில் இருக்கும் எங்கள் பெண்ணுக்கு இது லட்டு மாதிரி வாய்ப்பு. போன வருஷம் இவருக்கு இரண்டு கண்ணிலும் காடராக்ட் ஆபரேஷன் ஆனதிலிருந்தே, "அப்பாவுக்கு எதுக்கு இனிமே கார்? போன்ல தட்டினா வாசல்ல டாக்ஸி வருது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். இவர் கேட்கவில்லை. கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இன்ஸ்பெக்‌ஷனில் முதல் தடவையே பாஸ் ஆனால் கார் வீட்டில் இருக்கும். ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பினால் மறுபேச்சு இல்லை, பழைய இரும்புக்குப் போய்விடும்.

நான் எந்தக் கட்சி என்கிறீர்களா? வெளியே நடுநிலை. உள்ளுக்குள் பெண் கட்சி. அந்தக் காரில் ஏறி உட்காரும்போது முட்டி 'டக்' என்கிறது. இறங்கும்போது இரண்டு முறை என்கிறது. ஏ.சி. போட்டால் ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்குவதால், அடையாறு பாலம் வந்தால் ஏ.சி.யை அணைத்துவிடுவார். சென்னை மே மாதத்தில்!

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மெனு நான் முடிவு செய்கிறேன். டி.வி.யில் எந்த சேனல், என்றைக்கு யார் வீட்டுக் கல்யாணம், எந்த டாக்டரிடம் போவது – எல்லாம் நான்தான். பேங்க் விவகாரம் பெண் கைக்குப் போய்விட்டது. லேப் இல்லை, மாணவர்கள் இல்லை. இவர் யாரையும் கேட்காமல் முடிவெடுக்கும் ஒரே இடம் அந்த டிரைவர் சீட்தான். எந்த ரோட்டில் திரும்புவது, எப்போது கியர் மாற்றுவது என்று அங்கே அவர் மட்டும்தான் முடிவு செய்வார். பாதி நேரம் தப்பான ரோட்டில் திரும்புவார் என்பது வேறு விஷயம்.

ஆகவே மனிதர் பரீட்சைக்குப் போகிற பிள்ளையைப் போலத் தயாரானார். ஒரு வாரம் முன்பே மெக்கானிக்கிடம் விட்டு பிரேக்கை இறுக்கினார். பின்பக்க லைட்டில் இருந்த விரிசலுக்காகப் புது கண்ணாடி. வைப்பருக்குப் புது ரப்பர். பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிற்கும் வேனில் புகை சர்டிஃபிகேட். இன்ஷூரன்ஸ், வரி கட்டிய ரசீது, ஆதார் எல்லாவற்றையும் லாமினேட் செய்து ஃபைலில் அடுக்கினார். பசுமை வரி ரசீதைக்கூட லாமினேட் செய்திருந்தார். வழக்கமாக வியர்வை பட்டால் போதும், அந்த எழுத்து மறைந்துவிடும் என்று காரணம் சொன்னார். கெமிஸ்ட்ரி.

புதன்கிழமை காலை கிளம்பினோம். ஆர்.சி. வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நான் எதற்குப் போனேன்? துணைக்கு என்று அவர் நினைத்தார். தோற்றால் பக்கத்தில் இருந்து ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று நான் நினைத்தேன்.

ஆபீஸ் வாசலில் மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் கஜேந்திரன் என்று ஒருவர். ஐம்பது வயது இருக்கும். அந்த வட்டாரத்தில் 'ஏஜெண்ட்' என்றாலே அவர்தானாம். ஃபார்ம் வேணுமா, சிலிப் வேணுமா என்று ஆரம்பித்தார். ஏஜெண்ட் இல்லாமல் எல்லாமே ஆன்லைனில் முடித்துவிட்டேன், எனக்கு எதுவும் வேண்டாம் என்று இவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். கஜேந்திரன் கோபித்துக்கொள்ளவில்லை. ஃபைலை வாங்கிப் புரட்டினார். எல்லாம் லாமினேட் ஆகியிருப்பதைப் பார்த்து அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பென்சில் பிரிண்ட் எங்க சார்?"

பென்சில் பிரிண்ட் என்றால் பெரிய விஷயமில்லை. சின்ன வயதில் நாலணா மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, காசு அப்படியே பேப்பரில் வருமே – அதேதான். சேஸிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துத் தேய்த்து, அதை ஃபார்மில் ஒட்டித் தர வேண்டும். ஆன்லைனில் எல்லாம் முடித்த இவருக்கு இது மட்டும் கண்ணில் படவில்லை.

கஜேந்திரனே பென்சிலும் பேப்பரும் எடுத்துக்கொண்டு எழுந்தார். இதற்கெல்லாம் ஒன்றும் வேண்டாம், பெரியவங்க நீங்க என்றார். பானெட் திறந்தது. அவர் தலை உள்ளே போனது. தேய்க்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தலை வெளியே வந்தது.

"இன்னா சார் இது, நம்பரு தேஞ்சி போய்க்கீது? முன்னாடி பத்து பதினஞ்சு எழுத்து வருது. கடைசி ரெண்டு சுத்தமா இல்ல. எதுனா ஆசிட்டு கீசிட்டு ஊத்திட்டீங்களா?"

ஆசிட்டா! ஒரு கெமிஸ்ட்ரி புரொஃபசரிடம் கேட்கிற கேள்வியா அது? வாழ்க்கை முழுவதும் ஆசிட் பாட்டிலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர். காரில் ஆசிட் ஊற்றுவாரா? இவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு துரும்பு விழாமல் பார்த்துக்கொள்கிற வண்டி இது, அந்த நம்பரை வருஷா வருஷம் என் கையாலேயே தேய்த்துக் கழுவிப் பூஜை செய்கிறேன் என்றார்.

"எத்த வெச்சி சார் தேப்பீங்க?"

இவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜைக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் பூஜைப் பாத்திரம் தேய்ப்பது இவர் வேலை. குத்துவிளக்கு, மணி, பஞ்சபாத்திரம் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று துடைத்து வைப்பார். அந்தப் புளி மிச்சமாகும். அதை வீணாக்குவானேன் என்று கீழே இறங்கிப் போய், பித்தளைக்குச் செய்ததையே இரும்புக்கும் செய்வார். முதல் வருஷம் பெயிண்ட் போயிருக்கும். அடுத்த வருஷம் அடியில் இருந்த பூச்சு. அதன் மேல் ஈரச் சந்தனம், அது காயும்வரை துடைக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு வேறு. மறு வருஷம் பார்த்தால் லேசாகத் துரு. துருவா? இன்னும் கொஞ்சம் புளி.

நான் மெதுவாகத்தான் கேட்டேன்.

"ஏன்னா, புளியில என்ன ஆசிட் இருக்கு?"

"டார்டாரிக்" என்றார், தரையைப் பார்த்தபடி.

சாதாரண நாளாக இருந்தால் இதை வைத்தே ஆறு மாதம் ஓட்டியிருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. எங்கள் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றாலே பெரிய மீசையை எதிர்பார்த்துப் போன எனக்குக் கொஞ்சம் நிம்மதி. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். காக்கி யூனிஃபார்ம், கையில் டேப்லெட். வேகமான ஆள். ஹார்ன் அடிக்கச் சொன்னார், லைட் போடச் சொன்னார், வைப்பரை ஓட்டச் சொன்னார். டயரைக் குனிந்து பார்த்தார். இவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, தானே காம்பவுண்டுக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துப் பிரேக் அடித்தார். பதினைந்து வருஷத்து வண்டிக்கு இது நல்ல கண்டிஷன் என்று பாராட்டவும் செய்தார். இவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. பிறகு பானெட்டைத் திறக்கச் சொன்னார்.

செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். கடைசி இரண்டு எண்ணும் அவருக்கும் கிடைக்கவில்லை.

"நம்பர் முழுசாத் தெரியலைன்னா நான் கையெழுத்துப் போட முடியாது சார். இது உங்க வண்டிதான்னு நானே எப்படிச் சொல்றது?"

என்ன வழி என்று கேட்டோம். எழுதிக் கொடுக்க வேண்டும், கம்பெனியிலிருந்து கடிதம் வர வேண்டும், மேலே அனுமதி வாங்கி நம்பரை மறுபடி வெட்ட வேண்டும். மூன்று மாதமோ நாலு மாதமோ ஆகும். அதுவரை வண்டியை எடுக்கக்கூடாது. அவர் கடுமையாகச் சொல்லவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார். ஆனால் திருப்பி அனுப்பினால் அனுப்பியதுதானே? ஒப்பந்தம் முடிந்தது. பெண் ஜெயித்தாள். நானும்தான் ஜெயித்தேன்.

இவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அந்தத் தகட்டை ஒருமுறை துடைத்தார். பிறகு பானெட்டை மூடப் போனார். அவ்வளவுதான். அதுவரை பெண் கட்சியில் இருந்த நான் அந்த நிமிஷம் கட்சி மாறினேன். முட்டி வலி கிடக்கிறது. இந்த மனுஷனிடமிருந்து இதையும் பிடுங்கினால் இவருக்கு என்னதான் மிச்சம்?

மூடாதேங்கோ என்று கையைப் பிடித்தேன். எனக்கு மோட்டார் தெரியாது. பாத்திரம் தெரியும்.

கல்யாணம், கார்த்திகை என்று நாலு வீட்டுப் பாத்திரம் ஒன்றாகக் கலந்துவிட்டால், எந்தத் தூக்கு யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்போம்? அடியில் பெயர் வெட்டியிருக்கும். இருபது வருஷம் தேய்த்ததில் பெயர் மங்கியிருக்கும். கொஞ்சம் அரிசி மாவை எடுத்து மேலே தடவி, உள்ளங்கையால் லேசாக வழித்தால் போதும். மாவு பள்ளத்தில் மட்டும் தங்கும். கண்ணுக்குத் தெரியாத பெயர் வெள்ளையாக எழும்பி வரும். எங்கள் குடும்பத்துப் பெண்கள் எத்தனை பாத்திரச் சண்டையை இப்படித் தீர்த்திருப்போம்!

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு யாராவது அரிசி மாவு கொண்டு போவார்களா? ஆனால் ஹேண்ட்பேகில், திங்கட்கிழமை கோயிலில் கொடுத்த விபூதி பேப்பரில் மடித்தபடி இருந்தது. அனுமதி கேட்டேன். நம்பர் மேல் எதையும் எழுதக்கூடாது, சுரண்டக்கூடாது என்றார் இன்ஸ்பெக்டர். விபூதி வைக்கலாமா என்றேன். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, வையுங்கள் என்றார்.

துணியால் நன்றாகத் துடைத்தேன். விபூதியைத் தூவினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கை படுகிறதோ இல்லையோ என்பது மாதிரி வழித்தேன். பின்னால் ஒரு கூட்டமே கூடியிருந்தது. கஜேந்திரன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டார்.

முதலில் ஒரு கோடு. அப்புறம் ஒரு வளைவு. கடைசி இடத்தில் மூன்றா எட்டா என்று ஒரு சந்தேகம்... இன்ஸ்பெக்டர் இன்னும் கிட்டே குனிந்தார். டேப்லெட்டைப் பார்க்காமல் தகட்டை மட்டும் பார்த்து வாசித்தார். "நாலு. எட்டு." பிறகு டேப்லெட்டைப் பார்த்தார். பென்சில் பிரிண்டுக்குப் பதிலாக ஒருமுறைக்கு இருமுறை போட்டோ எடுத்துக்கொண்டார்.

"மேட்ச் ஆகுது" என்றார். அப்புறம் இவரைப் பார்த்து, "சார், இனிமே இங்க புளி வேண்டாம். ரசத்துல போடுங்க."

புளி விஷயம் அவர் வரைக்கும் எப்படிப் போனது? கஜேந்திரனைப் பார்த்தேன். அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை. ஐந்து வருஷம்! உடனே பெண்ணுக்குப் போன் போட்டு, பாஸ் என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்தார்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். கையெழுத்துப் போடும்போது இன்ஸ்பெக்டர் சாதாரணமாக ஒன்று கேட்டார். வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தது யார், லைசென்ஸ் இருக்கிறதா?

இல்லாமலா? லாமினேட் செய்தவர் ஆயிற்றே. ஃபைலில் இரண்டாவது பக்கத்தைத் திருப்பிப் பெருமையாக நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"சார், இது முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு."

எட்டு மாதம்! வண்டியின் ஒவ்வொரு காகிதத்தையும் எக்ஸ்பைரி தேதி பார்த்து, காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டவர், தன் தேதியைப் பார்க்கவில்லை. கண் ஆபரேஷன் அமர்க்களத்தில் அது பாட்டுக்குக் கடந்து போயிருக்கிறது. வண்டி ரோட்டுக்குத் தகுதி. ஓட்டுபவர் இல்லை. டாக்டரிடம் பார்வை சோதித்துச் சர்டிஃபிகேட் வாங்கி வாருங்கள், முடிந்து ஒரு வருஷத்துக்குள் என்பதால் சுலபம்தான், ஆனால் இன்றைக்கு இந்த கேட்டைத் தாண்டி நீங்கள் ஓட்டக்கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார்.

என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. ஓட்டுவதற்காக அல்ல, அடையாளத்துக்கு ஆகும் என்று தவறாமல் புதுப்பித்து வைத்திருந்தது. இவர் கண்ணில் கட்டோடு இருந்த நாட்களில் மருந்துக்கடை வரைக்கும் ஓட்டியிருக்கிறேன். சாவியை என் கையில் வைத்தார். வைக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சீட்டை முன்னால் இழுத்தேன். கண்ணாடிகளைத் திருப்பினேன். இவர் இடது பக்கம் ஏறி, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டார். ஏறும்போது அவர் முட்டியும் 'டக்' என்றது.

பனகல் பார்க் பக்கம் தாண்டும்வரை இவர் வாய் ஓயவில்லை. செகண்ட் போடு, அந்த ஆட்டோவைப் பாரு, கிளட்ச்ல காலை வெச்சுண்டே ஓட்டாதே... ஆழ்வார்பேட்டை சிக்னலில் நின்றோம். திடீரென்று சத்தத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தேன். நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் கையெழுத்துப் போடுவாரா?"

இதற்குத் தடவிப் பார்க்க என்னிடம் விபூதி இல்லை. போடுவார் என்றேன்.

"போடலேன்னா?"

"போடலேன்னா நான் ஓட்டறேன். நீங்க எங்கே திரும்பச் சொல்றேளோ அங்கே திரும்பறேன். தப்பான ரோடா இருந்தாலும் திரும்பறேன்."

சிக்னல் விழப் போகும்போது, "நீ நின்னா ஹாண்ட்பிரேக் போடறதே இல்லே" என்றார்.

திங்கட்கிழமை கண் டாக்டரிடம் அப்பாயிண்ட்மெண்ட் வாங்கியிருக்கிறேன். வண்டிக்கு எஃப்.சி., அதான் தகுதிச் சான்று, ஆயிற்று. இனி அவருக்கு.

சிக்னல் தாண்டியதும் ஒரு பைக் ஆசாமி குறுக்கே புகுந்தார். நான் பிரேக்கை அழுத்துவதற்கு முன்பே இடது பக்கத்தில் தொம்மென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தேன். இவருடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைப் பலமாக மிதித்துக்கொண்டிருந்தது.

மிதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த இடத்தில் மேட் ஏற்கெனவே தேய்ந்து ஓட்டையாகத்தான் இருக்கிறது – பதினைந்து வருஷமாக அங்கே உட்கார்ந்து பிரேக் போட்டுக்கொண்டு வந்தவள் நான்!